பங்கருக்குள் வளர்ந்தவர்களுக்குப் போர்க் கொமிக்ஸ் எதற்கு?

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு போர்க் கொமிக்ஸ் சேர்க்கிறேன் என்றால், "நேரில பாத்தது காணாதோ?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. குண்டு போடும் சகடை விமானம் வருகிறதா, ஹெலி வருகிறதா என்று சத்தத்தை வைத்தே சொன்ன தலைமுறை நாங்கள். ஆனாலும் பல வருடமாக இந்தத் தொகுப்புகளை வாங்குகிறேன், திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

முதலில் கொமாண்டோ. ஸ்கொட்லாந்தின் டண்டீயிலிருந்து 1961 முதல் வருகிறது. கையடக்கமான கறுப்பு வெள்ளைப் புத்தகம், அறுபது சொச்சப் பக்கத்தில் ஒரு முழுக்கதை. இப்போதும் இரண்டு வாரத்துக்கு நான்கு இதழ்கள்: இரண்டு புதியவை, இரண்டு மறுபதிப்பு. என்னிடம் இருப்பது 2005இல் வந்த 12 கதைத் தொகுப்பு. கதைகளின் போக்கு அநேகமாக ஒன்றுதான். ஒருவன் கோழை என்று பெயர் எடுப்பான், இன்னொருவன் அவனை வெறுப்பான், கடைசியில் ஒருவர் உயிரை மற்றவர் காப்பாற்றுவார். ஜேர்மன்காரன் தவறாமல் "ஹேண்டே ஹோக்" (கையைத் தூக்கு) என்பான். எல்லாம் தெரிந்தும் பிடிப்பதற்குக் காரணம், 63ஆம் பக்கத்தில் சண்டை முடிந்துவிடும் என்ற நிச்சயம். எங்களுக்கு அது வாய்க்கவில்லை.

குறை என்றால், விமானக் கதைகள் முக்கால்வாசி விமானியின் இருக்கையிலிருந்தே சொல்லப்படுகின்றன. குண்டு விழும் இடத்தில் ஒரு புகை மண்டலம், அவ்வளவுதான். அங்கே கிணற்றடியில் யார் நின்றார்கள் என்று ஓவியர் கவலைப்படுவதில்லை. நான் அந்தப் புகைக்குக் கீழே இருந்தவன், கண் தானாக அங்கேதான் போகிறது.

அந்த வகையில், முதலாம் உலகப் போரைச் சொல்லும் சார்லியின் கதை (சார்லீஸ் வோர்) வேறு மாதிரி. பிரித்தானியாவின் பேட்டில் வார இதழில் 1979இல் தொடங்கியது. எழுத்து பாட் மில்ஸ், ஓவியம் ஜோ கஹூன். வயதைப் பொய் சொல்லிப் படையில் சேரும் 16 வயதுப் பையன் சார்லி, எழுத்துப்பிழையோடு வீட்டுக்குக் கடிதம் போடுகிறான். ஒரே நாளில் 19,240 பிரித்தானியப் படையினர் இறந்த 1916 ஜூலை 1, பிரான்ஸின் சொம் போர்முனை, அவனுக்கும் வருகிறது. பின்னர் ஷெல்லில் சிதறிய நண்பனைச் சாக்கில் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடக்கும் இடம் ஒன்று உண்டு. அந்தப் பக்கத்தை நான் இப்போதும் வேகமாகத்தான் புரட்டுகிறேன். கஹூன் சேற்றை வரைவதைப் பார்த்தால் கால் ஈரமாகிவிடும். 2018இல் மூன்று தடித்த பாகங்களாக வந்தது. வாரம் மூன்று நான்கு பக்கமாக வந்த கதை என்பதால் ஒரே மூச்சில் வாசித்தால் அலுக்கும். இரவுக்கு ஐந்தாறு அத்தியாயம் போதும்.

அமெரிக்கப் பக்கத்தில் பிளேசிங் கொம்பாட். 1965-66இல் நான்கே இதழ்கள். ஆர்ச்சி குட்வின் எழுதிய வியட்நாம் கதை ஒன்றில் நாயகன் படைவீரனே அல்ல, நெல் விதைக்கும் ஒரு கிழவர். யார் வென்றாலும் தன் வயல் தப்பினால் சரி என்று இருப்பவரையும் போர் விட்டுவைக்கவில்லை. அந்தக் கதைக்குப் பிறகு இராணுவ முகாம் கடைகளில் இதழை விற்க மறுத்தார்கள், இதழும் நின்றுபோனது. வன்னியில் வயல் வைத்திருந்த எங்கள் பெரியப்பாவிடம் படங்களைக் காட்டினேன். ஆங்கிலம் வாசிக்காமலே, "உந்தாள் பாவம்" என்றார்.

புதியதில் கார்த் எனிஸ் எழுதும் பேட்டில் அக்ஷன், 2022 முதல். பழைய பேட்டில், அக்ஷன் இதழ்களின் நாயகர்களை மதிப்போடு திரும்பக் கொண்டுவருகிறார். சோவியத் படையோடு பறக்கும் பிரித்தானிய விமானி ஜொனி ரெட்டுக்கு கீத் பேர்ன்ஸ் வரையும் விமானங்கள் அபாரம். என்ன, பழைய ஆட்களைத் தெரியாதவருக்குப் பாதிதான் ருசிக்கும்.

வாங்குபவர்களுக்கு ஒன்று. இவை பாரமான புத்தகங்கள், தபாற்செலவு சில வேளை புத்தக விலையைத் தொட்டுவிடும். ஊருக்கு வரும் சொந்தக்காரர் சூட்கேஸில் இடம் பிடிப்பதே நல்லது. எங்கள் வெக்கைக்கு ஒட்டுப் பசை இளகி நடுப்பக்கங்கள் கழன்றுவிடும், கூரையடியில் வைக்கவேண்டாம். கறையானுக்கு நான் இரும்பு அலுமாரிக்கு மாறிவிட்டேன். கொமாண்டோவை யாரும் இரவல் கேட்டால் கொடுப்பேன், சார்லியை வீட்டுக்கு வந்து வாசிக்கலாம்.