சீரியல் மானிட்டரா, புட்டியா?

ஆர்டுயினோ போர்டு கணினிக்கு அனுப்பும் வரிகளைச் சும்மா பார்க்க, அதற்குக் கோடு எழுதி ஏற்றும் மென்பொருளான ஆர்டுயினோ ஐடிஇ-யின் சீரியல் மானிட்டரே போதும். புது கோடு ஏற்றும்போது அது போர்ட்டை (போர்டும் கணினியும் பேசும் இணைப்பை) தானே விட்டுக்கொடுக்கும். தனி டெர்மினல் மென்பொருளான புட்டியை (PuTTY) நாமே மூட வேண்டும். மறந்தால் போர்ட் பிஸி என்று அப்லோடு நின்றுவிடும்.

ஆனால் ராத்திரி முழுக்க ஓடவிட்டு, புரோகிராம் எந்த இடத்தில் உறைந்து நிற்கிறது என்று பிடிக்க வேண்டுமா? அப்போது புட்டிதான். லாகிங்கை முதலிலேயே போட்டுவிட்டால் வருவதையெல்லாம் ஃபைலில் எழுதி வைக்கும். புட்டியில் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் உடனே போர்டுக்குப் போகும். மானிட்டரிலோ என்டர் தட்டும்வரை போகாது. மெனு வைத்த புரோகிராமுக்கு இது பெரிய வித்தியாசம்.

புட்டியில் ஒரு தொல்லை: லைன்ஃபீடு (அடுத்த வரிக்கு இறக்கும் குறி) மட்டும் வந்தால் வரிகள் படிக்கட்டாகச் சரியும். டெர்மினல் அமைப்பில் ஒரு டிக் போட்டால் சரியாகிவிடும். பாட் ரேட் (தரவு அனுப்பும் வேகம்) தப்பினால் இரண்டிலுமே குப்பைதான்.