பாங்காக்கில் தனியாக ஒரு நாள்: படகா, ரயிலா, காரா?

பாங்காக்கில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு முழு நாள். ஏப்ரல் முதல் வாரம், தாய்லாந்துப் புத்தாண்டான சொங்கிரான் பண்டிகைக்கு முந்தைய உச்சி வெயில். கூட யாரும் இல்லை. அரண்மனை, வாட் போ, வாட் அருண் என்ற இரண்டு புத்தர் கோயில்கள், சாயங்காலம் சைனாடவுன், இந்த நான்கையும் பார்த்துவிட வேண்டும். எதில் சுற்றுவது என்று முந்தின இரவு வெகுநேரம் யோசித்து, கடைசியில் சாவ் பிரயா ஆற்றில் ஓடும் ஆரஞ்சுக் கொடிப் படகைத் தேர்ந்தெடுத்தேன். மறுபடி போனாலும் அதையேதான் எடுப்பேன்.

காரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மீட்டர் டாக்ஸி 35 பாட் (தாய்லாந்துப் பணம்) என்று தொடங்குகிறது. நான்கு பேர் பங்கு போட்டால் மலிவு. தனி ஆளுக்கு முழு வாடகையும் நம் தலையில். முந்தின நாள் மாலை ஒரு காரில் ஏறி, மூன்று கிலோமீட்டர் தூரத்துக்கு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். ஓட்டுநர் மேல் தப்பில்லை, அந்த ஊர் சிக்னல் அப்படி. நம் ஆட்டோ மாதிரியான துக்துக்கில் ஒரு முறை ஏறிப் பார்க்கலாம், ஆனால் விலை பேசிவிட்டு ஏறுங்கள். அரண்மனைப் பக்கம் யாராவது வந்து, “இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன்” என்றால் நம்பாதீர்கள். அந்தப் பயணம் நகைக்கடையிலோ தையல்கடையிலோ போய்த்தான் முடியும். தனியாக நிற்பவருக்கு இதில் ஆபத்து கூடுதல், “இரு, விசாரித்துவிட்டுப் போகலாம்” என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. ஆரஞ்சு நிற மேலுடுப்பு போட்டவர்கள் ஓட்டும் வாடகை மோட்டார் சைக்கிளில் ஒரே ஒரு தடவைதான் போனேன். நெரிசலுக்குள் புகுந்து ஐந்து நிமிடத்தில் கொண்டுபோய் விட்டார். அந்த ஒரு சவாரியை வைத்து, நாள் முழுக்க அதில் சுற்றலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உண்மையான போட்டி ரயிலுக்கும் படகுக்கும்தான். 2019க்கு முன்பு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. தூண்களின் மேல் ஓடும் பிடிஎஸ் ரயில் 1999இல் வந்தது. அது கடைத்தெருக்கள், அலுவலகங்கள் பக்கம் ஓடுகிறதே தவிர பழைய நகரத்துக்குள் நுழைவதில்லை. சுரங்க ரயிலான எம்ஆர்டி 2004இல் வந்தது. 2019இல் அதன் நீலப் பாதையை நீட்டியபோதுதான் சைனாடவுனுக்கு வாட் மங்கோன் நிலையமும், வாட் போ பக்கம் சனாம் சாய் நிலையமும் கிடைத்தன. குளிர்சாதனம் உண்டு, அடிக்கடி வருகிறது, நள்ளிரவு வரை ஓடுகிறது, வங்கி அட்டையைத் தட்டியே உள்ளே போய்விடலாம். இதிலெல்லாம் படகால் போட்டி போட முடியாது.

ஆனால் நான் பார்த்தது வேறு ஒன்றை. இறங்கிய இடத்திலிருந்து வாசல் வரை வெயிலில் எவ்வளவு நடக்க வேண்டும்? பாங்காக்கில் ஒரு நாள் நன்றாகப் போகுமா, பாதியில் விடுதிக்குத் திரும்பிப் படுப்போமா என்பதை இந்த ஒரு கேள்விதான் தீர்மானிக்கிறது.

அரண்மனைக்குள் தோள், முழங்கால் தெரியும் உடையோடு விடமாட்டார்கள். அதனால் முழுக்கால் சட்டையும் கை வைத்த சட்டையும் போட்டுக்கொண்டுதான் அன்று முழுவதும் சுற்ற வேண்டும். ஏப்ரலில் காலை ஒன்பது மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். சனாம் சாயில் இறங்கினால் வாட் போ பக்கம்தான். ஆனால் பார்வையாளர்கள் அரண்மனைக்குள் நுழையும் வாசல் வடக்கே நா ஃப்ரா லான் தெருவில் இருக்கிறது. சனாம் சாயிலிருந்து அந்த நீளமான வெள்ளை மதிலை ஒட்டியே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். படகில் போய் தா சாங் துறையில் இறங்கினால் கடைகளைத் தாண்டி சில நிமிட நடையில் அதே வாசல். தா தியன் துறையிலிருந்து வாட் போவும் அப்படித்தான். அங்கிருந்தே அக்கரைக்குப் போகும் படகில் 5 பாட் கொடுத்தால் வாட் அருண் வாசலில் இறங்கலாம்.

ஒரு கிலோமீட்டர் பெரிய தூரமா என்று கேட்கலாம். ஒரு தடவை நடந்தால் இல்லைதான். ஆனால் இது ஒவ்வொரு இடத்திலும் போகவும் வரவும் கூடிக்கொண்டே போகும். இருவராகப் போனால் ஒருவர் நிழலில் பையோடு உட்கார, மற்றவர் தண்ணீர் வாங்கி வரலாம். தனியாக இருந்தால் பை, தண்ணீர், வழி பார்க்கிற வேலை எல்லாமே நம்முடையது. தலை சுற்றினாலும் நாமே சமாளிக்க வேண்டும். அதனால் தனி ஆள், தெம்பைக் காசு மாதிரி எண்ணித்தான் செலவழிக்க வேண்டும். படகில் செலவழிக்காமல் இருப்பது மட்டுமல்ல, போன தெம்பு கொஞ்சம் திரும்பியும் வருகிறது. தலைக்கு மேல் கூரை, இரண்டு பக்கமும் ஆற்றுக்காற்று. வழி தவறவும் வாய்ப்பில்லை. ஆறு ஒரே கோடு, துறைகளுக்கு வரிசையாக எண் போட்டிருக்கிறார்கள். தா தியன் எட்டு, தா சாங் ஒன்பது. போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கரையைப் பார்க்கலாம்.

சாலா டேங் பக்கம் தங்கியிருந்தேன். பிடிஎஸ்ஸில் நாலாவது நிலையம் சபான் தக்சின். இறங்கினால் கீழேயே சாத்தோன் படகுத்துறை. அங்கே இரண்டு வகைப் படகு கிடைக்கும். நீலக் கொடி சுற்றுலாப் பயணிகளுக்கானது, நான் போனபோது ஒரு சவாரிக்கு 30 பாட், நாள் சீட்டு 150. ஆரஞ்சுக் கொடி ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகிற படகு, எவ்வளவு தூரம் போனாலும் 16 பாட். தனியாக வந்தவருக்கு ஆரஞ்சே போதும். நடத்துநர் அம்மா உருளையான தகரப் பெட்டியைச் சில்லறையோடு கலகலவென்று குலுக்கிக்கொண்டு வந்து டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். கரை ஒதுங்கும்போது பின்னால் நிற்கும் பையன் விசிலிலேயே ஓட்டுநருக்குச் சைகை சொல்வான். துறவிகளுக்கென்று தனி இடம் உண்டு, அங்கே போய் நின்றுவிடாதீர்கள்.

எட்டரைக்கு அரண்மனை திறக்கும்போது உள்ளே போனேன். பிறகு ஒரு துறை மேலே வாங் லாங்கில் இறங்கி, சிரிராஜ் மருத்துவமனையை ஒட்டிய சந்தையில் சாப்பிட்டேன். மீண்டும் படகு, தா தியன். வாட் போவில் 46 மீட்டர் நீளப் பள்ளிகொண்ட புத்தர். அவர் முதுகுப்புறம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள், ஆட்கள் ஒவ்வொன்றிலும் காசு போட்டுக்கொண்டே நடக்கிற அந்தச் சத்தத்தைக் கேட்கவே ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணிக்கு மேல் அக்கரையில் வாட் அருண். அன்று படகுக்கு மொத்தம் 60 பாட் கூட ஆகவில்லை.

படகின் குறைகளையும் சொல்ல வேண்டும். காலையிலும் மாலையிலும் கூட்டம் நெரியும், நின்றுகொண்டே போக நேரிடும். துறையில் படகு நிற்பது சில நொடிகள்தான். மூட்டு வலி உள்ளவர்கள், பெரிய பெட்டியோடு வருபவர்கள் ரயிலுக்கே போகலாம். மழைக்காலத்தில் ஆறு ஏறியிருக்கும்போது நான் போனதில்லை, என் அனுபவமெல்லாம் கோடையோடு சரி. மாலை ஆறு மணி வாக்கில் படகுகள் ஓயத் தொடங்கிவிடும். அப்போது வெயிலும் இருக்காது என்பதால் நான் சொன்ன அந்த ஒரு காரணமும் போய்விடுகிறது. தா தியன் கரையில் நின்று வாட் அருணுக்கு விளக்கு போடுவதைப் பார்த்துவிட்டு, சனாம் சாய்க்கு நடந்தேன். ரயிலில் இரண்டாவது நிலையம் வாட் மங்கோன், சைனாடவுனின் யாவராட் தெருவில் ராச்சாப்பாடு, அங்கிருந்து மூன்றே நிலையத்தில் சாலா டேங் பக்கத்திலேயே இருக்கும் சீ லோம். இருட்டிய பிறகு ரயில்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ரயில் தெளிவாக ஜெயிக்கிற இன்னொரு இடமும் உண்டு, தமிழர்கள் அதைத் தவறவிடக் கூடாது. சிவப்பு நிறத்தில் நிற்கும் பெரிய ஊஞ்சலும், அதன் பக்கத்திலேயே தேவஸ்தான் என்ற பிராமணர் கோயிலும். தாய்லாந்து அரசவைப் பிராமணர்கள் நடத்தும் திரியம்பாவாய் சடங்கின் பெயர் நம் திருவெம்பாவையிலிருந்து வந்தது. ஊஞ்சலாட்டமும் அந்தச் சடங்கின் பகுதியாகத்தான் இருந்தது. 1935இல் ஊஞ்சலாட்டத்தை மட்டும் நிறுத்திவிட்டார்கள். ஆறு அந்தப் பக்கம் போகாது. நான் ஊர் திரும்பும் நாள் விடிகாலையில் சாம் யோட் நிலையத்தில் இறங்கி நடந்தேன். ஏழு மணிக்குள் போய்விட்டால் அந்த நடையும் சிரமமில்லை.