மளிகைக் கடைக்கு வாங்கிய பில் பிரிண்டர்: அச்சு பளிச், ப்ளூடூத் அடம்

கையில் அடங்கும், 58 மி.மீ. அகலத் தாளில் சூட்டால் அச்சிடும் தெர்மல் பிரிண்டர். கம்பெனிப் பெயர் வேண்டாம். அச்சு பளிச்சென்று விழுகிறது, மை வாங்கும் செலவும் இல்லை. தமிழ் எழுத்து உடையாமல் வருகிறது.

தொல்லை ப்ளூடூத்தில்தான். போனில் எவ்வளவு தேடினாலும் சில நேரம் பிரிண்டர் பெயரே வராது. இது ஒரு சமயத்தில் ஒரு போனோடுதான் பேசும். காலையில் கடை திறக்கும் என் மகனின் போனோடு ஒட்டிக்கொண்டால், அப்புறம் என் போனுக்கு அது கண்ணிலேயே படாது. அவன் போனில் ப்ளூடூத்தை அணைத்து, பிரிண்டரையும் ஒருமுறை அணைத்துப் போட்டால் சமர்த்தாக வந்து நிற்கிறது. ஆண்ட்ராய்டு ஒரு தடவை தேடுவது சுமார் 12 விநாடிதான். வரவில்லையென்றால் மறுபடி தேடச் சொல்லுங்கள்.

முதலில் போனின் செட்டிங்ஸில் இணைத்துவிட்டு, பிறகு பில் ஆப்பைத் திறப்பது நல்லது. ஆண்ட்ராய்டு 12 முதல் அந்த ஆப்புக்கு 'அருகிலுள்ள சாதனங்கள்' அனுமதி வேண்டும். என் மனைவியின் பழைய போனிலோ லொகேஷனை ஆன் செய்தால்தான் ஆப் பிரிண்டரைக் கண்டுபிடிக்கிறது. பருப்புக்கு பில் போட நான் எங்கே இருக்கிறேன் என்று எதற்குத் தெரிய வேண்டுமோ!

பெட்டிக்குள் இருந்த பொடி எழுத்துத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒரே போனில் பில் போடுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். இரண்டு மூன்று பேர் மாறி மாறி பில் போடும் கடை என்றால் வைஃபை உள்ள மாடலைப் பாருங்கள்.