மரவள்ளி சீக்கிரம் கறுக்காமல் இருக்க: மஞ்சள் ரகமா, மரபணு மாற்றமா?

பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் மரவள்ளிக் கிழங்குக்குள் நீலக்கறுப்புக் கோடுகள் ஓடிவிடும். கிருமிகள் வருவது அதற்குப் பிறகுதான். முதல் கேட்டைச் செய்வது கிழங்கின் சொந்த மரபணுக்களே. வெட்டுப்பட்ட இடத்தில் சயனைடு வெளிப்பட்டுச் செல்லின் சுவாசத்தைத் தடுக்கிறது. உடனே கேடு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. கூடவே சுரக்கும் ஸ்கோபோலெட்டின் என்ற வேதிப்பொருள் ஆக்சிஜனேற்றம் அடைந்து கறையாகிறது.

இதைத் தள்ளிப்போட எளிதான வழி மஞ்சள் ரகம். மஞ்சள் நிறம் தரும் கரோட்டின் அந்த ஆக்சிஜன் மூலக்கூறுகளை அடக்குவதால் கறுப்பது தாமதமாகும். கரோட்டின் உருவாக உதவும் ஃபைட்டோயீன் சிந்தேஸ் மரபணுவில் இயற்கையாக நேர்ந்த ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து மாற்றம் போதும், கிழங்கு மஞ்சளாகிவிடும். திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் ஸ்ரீ விசாகம் மஞ்சள் ரகம்தான். அவித்துச் சாப்பிட நான் இதைத்தான் சொல்வேன். வைட்டமின் ஏ-யும் கிடைக்கும்.

ஆனால் சேலம், நாமக்கல் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்கு? அங்கே மாவுச்சத்துப் பாயிண்ட், அதாவது கிழங்கில் உள்ள மாவுச்சத்தின் அளவு, பார்த்துத்தான் விலை. மரபணு மாற்றத்தால் கரோட்டினைக் கூட்டிய கிழங்கு அதிக நாள் தாங்கினாலும் அதில் உலர்பொருள் (நீர் போக மிஞ்சுவது, பெரும்பாலும் மாவுச்சத்து) குறைந்துவிட்டது என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. பாயிண்ட் இறங்கினால் நட்டம் விவசாயிக்கு. கறுப்பைத் தடுத்த பெருமை அவருக்குச் சோறு போடாது.

அடுத்தது, சயனைடு தடுக்காத மாற்றுச் சுவாசப் பாதையைத் திறப்பது. ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியிலிருந்து, இந்தப் பாதைக்கான ஏஓஎக்ஸ் மரபணுவைச் சேர்த்த கிழங்கு 10 நாளாவது தாங்கியதாக 2012இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். கேட்டின் மூலத்தையே தொடுகிற வழி இது.

ஸ்கோபோலெட்டின் தயாரிக்கும் மரபணுவை அடக்கியும் 2017இல் கறுப்பைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். சேகோ ஆலைக்குப் போகும் கிழங்குக்கு இந்த வழியில்தான் எனக்கு அதிக நம்பிக்கை. அந்தப் பொருள் செடியின் தற்காப்புக்கும் உதவுவதால், தோட்டத்தில் நோய் தாங்குமா என்று மட்டும் நன்றாகச் சோதிக்க வேண்டும்.

சரி, இன்றைக்கு என்ன செய்யலாம்? இந்தியாவில் வணிகமாகப் பயிராகும் மரபணு மாற்றப் பயிர் பிடி பருத்தி மட்டுமே. அதனால் அறுவடைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கிழங்கை மண்ணிலேயே விட்டுத் தண்டை மட்டும் வெட்டிவிடுவதுதான் கைக்கெட்டும் வழி. அதிலும் மாவுச்சத்து கொஞ்சம் குறைந்து சர்க்கரை ஏறும் என்பதால், தொலைவுச் சந்தைக்குப் போகும் கிழங்குக்கே அது பொருந்தும். ஆலைக்குப் போவதைப் பிடுங்கிய அன்றே ஏற்றிவிடுங்கள்.