5 வருட லினக்ஸ் மின்ட்: எனக்குப் போட்டதும் அடுத்தவருக்குப் போட்டதும்

சத்துவாச்சாரி வீட்டில் என் பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு 5 வருடம் தாண்டிவிட்டது. பழைய மெஷினுக்கு ஏற்ற இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 4 ஜிபி ரேம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டியதுதான் ஒரே செலவு. மின்ட் 20இல் தொடங்கி 21, 22 என்று கோப்புகள் எதுவும் போகாமல் ஏற்றிக்கொண்டு வந்தாயிற்று. ஒரே ஒரு முறை ஏதோ அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை காணாமல் போனது. சிஸ்டத்தின் பழைய நிலையைச் சேமித்து வைக்கும் டைம்ஷிஃப்ட்டில் முந்தைய நாள் நிலைக்குத் திரும்பினேன், சரியாகிவிட்டது. என் கதை அவ்வளவுதான். அதைப் பார்த்து "எனக்கும் போட்டுக் கொடு" என்று வந்தவர்கள் கதைதான் பெரிது.

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததும் இந்தக் கூட்டம் கூடியது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பைக் கேட்கிறது, நம்மவர்களின் பல பழைய மெஷின்களில் அது இல்லை. ஒரு காலத்தில் அரசின் இலவச லேப்டாப்பில் பாஸ் என்ற இந்திய லினக்ஸ் வந்தது ஞாபகம் இருக்கிறதா? வந்த வாரமே அதை அழித்தவர்களில் நானும் ஒருவன். இப்போது நானே பென்டிரைவோடு அலைகிறேன்.

முதல் ஆள் குடியாத்தம் பெரியப்பா, ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அரை மணி நேரத்தில் போட்டு முடித்து, பெருமையாகத் தள்ளி உட்கார்ந்தேன். கீபோர்டு பட்டியலில் தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பையும் சேர்த்திருந்தேன். அவர் முதலில் அடித்தது வணக்கம். திரையில் வந்தது "வணககம்".

"இன்னாடா இது, ஒத்து எங்க போச்சு?"

தமிழ்99இல் க-வை இரண்டு முறை அடித்தால் முதல் க-வுக்குப் புள்ளி தானாக விழ வேண்டும். வெறும் கீபோர்டு அமைப்பு ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று போட்டுக்கொண்டே போகும். முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று அது பார்க்காது. அதைப் பார்ப்பதற்கு ஐபஸ் என்ற தட்டச்சு உதவி மென்பொருள், அதோடு பல மொழி விசை அமைப்புகள் கொண்ட எம்17என் தொகுப்பு இரண்டையும் நிறுவி, அதற்குள் இருக்கும் தமிழ்99ஐ எடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. டெஸ்க்டாப் அழகு, வேகம் எதையும் அவர் கேட்கவே இல்லை.

அதிலேயே நான் பாடம் படித்திருக்கலாம். படிக்கவில்லை. அடுத்து கொசப்பேட்டை ஜெராக்ஸ் கடை அக்கா. கடையின் பழைய லேசர் பிரிண்டருக்கு லினக்ஸ் டிரைவர் இருந்தது, பெயருக்கு. இரண்டு ராத்திரி மல்லுக்கட்டினேன். ஒரு பக்கம் அடிக்கும், அடுத்த பக்கத்தில் மலைத்து நிற்கும். போதாததற்கு அவர் ஃபைல்கள் எல்லாம் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில். எழுத்துருவைக் கொண்டுவந்து போட்டதும் படிக்க முடிந்தது, ஆனால் அவர் கை பழகிய தட்டச்சு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். "தம்பி, காலையில கஸ்டமர் வந்து நிப்பாங்கப்பா" என்றார். மூன்றாம் நாள் விண்டோஸையே திரும்பப் போட்டேன். அது தோல்விதான், லினக்ஸுக்கு இல்லை, எனக்கு. கேட்காமல் போட்டது நான்.

இப்போது யார் வந்தாலும் முதலில், "கம்ப்யூட்டரில் தினமும் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கிறேன். அப்புறம் டிஸ்க்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட விட்டு, அவர்கள் பிரிண்டரைச் செருகி ஒரு பக்கம் அடித்துப் பார்க்கிறேன். வைஃபை, ஸ்பீக்கர் எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். வைஃபை எடுக்காவிட்டால் போனை யூஎஸ்பியில் மாட்டி நெட் கொடுத்து டிரைவர் இறக்கலாம். கட்டளைகளை அடிக்கும் டெர்மினலை நான் திறப்பதே இல்லை, திறந்தால் பாதிப் பேர் மிரண்டுவிடுகிறார்கள். விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே மெஷினில் வைத்துக்கொள்ளும் டூயல் பூட்டும் வேண்டாம் என்கிறேன். அப்படிப் போட்டுக்கொண்ட இரண்டு பேர் லினக்ஸ் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை.

பெரியப்பா மட்டும் அப்டேட் வந்தால் இன்னும் போன் செய்வார்.

"டேய், கீழ அந்தக் கேடயத்துல ஆரஞ்சுப் புள்ளி வந்திருக்கு. அமுக்கலாமா?"

"அமுக்குங்க பெரியப்பா."