செராஸா, செத்தாப்பாக்கா? காஜாங்கில் உட்கார்ந்து போட்ட கணக்கு

எங்கள் மூத்தவள் எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு) முடித்ததும், கோலாலம்பூருக்குத் தெற்கே காஜாங்கில் இருக்கும் எங்கள் வீட்டில் இரண்டு பல்கலைக்கழகப் பெயர்கள்தாம் மிஞ்சின. கோலாலம்பூர் செராஸில் இருக்கும் யூசிஎஸ்ஐ ஒன்று, அதே நகரின் செத்தாப்பாக்கில் இருக்கும் டார் யுஎம்டி (சுருக்கமாக டார்) இன்னொன்று. இரண்டிலும் கணக்கியல் உண்டு. போன வருடம் செராஸில் சேர்த்துவிட்டோம். ஆகவே இதை நடுவர் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"கெடாவில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கே, அங்கே போடக்கூடாதா?" என்று கோயிலில் ஓர் அண்ணன் கேட்டார். மருத்துவம் என்றால் யோசித்திருப்பேன். கணக்கு படிக்க வடக்கே கெடா வரை பெட்டி கட்ட மனம் வரவில்லை.

கட்டணத்தில் டார்தான் மலிவு, அதில் பேச்சே இல்லை. 1969இல் துங்கு அப்துல் ரஹ்மான் பெயரில் கல்லூரியாகத் தொடங்கியது. மசீச (மலேசிய சீனர் சங்கம் என்ற கட்சி) முன்னின்று பணம் திரட்ட, அரசாங்கம் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) வெள்ளி மானியம் கொடுத்து வளர்த்த இடம். 2013இல் பல்கலைக்கழகக் கல்லூரி, 2022இல் முழுப் பல்கலைக்கழகம். ஏசிசிஏ என்ற கணக்காளர் தகுதித் தேர்வு என்றதும் பழைய கணக்காளர்கள் இதன் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள்.

யூசிஎஸ்ஐ வளர்ந்த கதை வேறு மாதிரி. 1986இல் 'கனடியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் கம்ப்யூட்டர் ஸ்டடீஸ்' என்ற பெயரில் ஒரு கணினிப் பள்ளி. அப்புறம் செடாயா கல்லூரி. தனியார் உயர்கல்விச் சட்டம் 1996இல் வந்து கதவைத் திறந்துவிட்டபின் 2003இல் பல்கலைக்கழகக் கல்லூரி, 2008இல் பல்கலைக்கழகம். இன்று கூச்சிங்கிலும் போர்ட் டிக்சன் பக்கமும் வளாகங்கள், கியூஎஸ் உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையில் முதல் 300க்குள் இடம். யூசிஎஸ்ஐ என்ற நான்கு ஆங்கில எழுத்தில் வரும் 'எஸ்' பழைய செடாயாதான். என் வயதுக்காரர்கள் இன்னமும் "செடாயாவா, நல்லதுதான்" என்கிறார்கள்.

சரி, இதெல்லாம் பெருமை. எங்கள் வீட்டில் முடிவு செய்தது ரயில்.

எம்ஆர்டி நகர ரயிலின் காஜாங் தடம் 2017 ஜூலையில் முழுதாக ஓடத் தொடங்கியது. காஜாங்கில் ஏறினால் எட்டாவது ஸ்டேஷன் தாமான் கோனாட், யூசிஎஸ்ஐக்கு அங்கேதான் இறங்க வேண்டும். சுமார் இருபது நிமிடம். இறங்கிய இடத்திலேயே வளாகம் இல்லை, பஸ்ஸோ கிராப் வாடகைக் காரோ பிடிக்க வேண்டும். அதையும் சேர்த்தால்கூட எட்டு மணி வகுப்புக்கு ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் போதும்.

செத்தாப்பாக் என்றால் அதே எம்ஆர்டியில் பசார் செனி வரை போய், எல்ஆர்டி ரயிலுக்கு மாறி, வங்சா மாஜூவில் இறங்கி, மறுபடி பஸ். சேருவதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை அவளோடு நானும் போய்ப் பார்த்தேன். வீட்டு வாசலில் இருந்து வளாக வாசல் வரை ஒன்றே முக்கால் மணி நேரம். போக வர மூன்றரை. ஐம்பது வெள்ளி மாதப் பாஸ் இரண்டு வழிக்கும் ஒன்றுதான், அதனால் டிக்கெட்டில் வித்தியாசம் இல்லை. ஆனால் இந்த அலைச்சலை மூன்று வருடம் யார் தாங்குவார்கள்? இரண்டாவது மாதமே அறை தேடுவோம்.

அங்கேதான் கணக்கு மாறியது. அறை வாடகை, வைப்புத்தொகை, கடைச் சாப்பாடு, வாராவாரம் வீட்டுக்கு வந்து போகும் செலவு எல்லாவற்றையும் நானும் மனைவியும் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கூட்டினோம். கட்டண வித்தியாசத்தில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விட்டது. மீதியைப் பிள்ளை இரவு வீட்டில் சாப்பிட்டுத் தூங்குவதற்குக் கொடுக்கும் விலை என்று வைத்துக்கொண்டோம். பிடிபிடிஎன் (அரசாங்க உயர்கல்விக் கடன் நிதி) கடன் எப்படியும் வாங்கத்தான் போகிறோம்.

உங்கள் வீடு செத்தாப்பாக்குக்கு அருகே கோம்பாக், தாமான் மெலாத்தி பக்கம் என்றால் என் கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். டாரை விட்டு வேறெங்கும் போகாதீர்கள். வேலைக்குப் போகும்போது எந்தச் சான்றிதழ் எடுபடும் என்பதை நான் இப்போதே சொன்னால் அளப்பதாகிவிடும். அவள் இரண்டாவது செமஸ்டரில்தான் இருக்கிறாள்.

ஒரு தொல்லை உண்டு. புதன்கிழமை தாமான் கோனாட்டில் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டருக்குப் பசார் மாலாம் (இரவுச் சந்தை). சாயங்காலத்தில் கார் நகராது. அன்றைக்கு மட்டும் பிள்ளை தாமதமாகத்தான் வருவாள், கையில் நாற்றத் தௌஃபூ (நாற்றமடிக்கும் சோயாக் கட்டி) பொட்டலத்தோடு. அவள் அம்மா அதை வாசலுக்கு வெளியே வைத்துத்தான் சாப்பிடச் சொல்கிறாள்.