பழைய வால்சால் சேணமா, புது கான்பூர் சேணமா, செயற்கைச் சேணமா?

குதிரைக்கு ஆங்கிலேய பாணிச் சேணம் தேடுகிறவர்களுக்கு, கையில் பெரிய பணம் இல்லாதபோது, மூன்று வழிகள் இருக்கின்றன. இங்கிலாந்தின் வால்சால் ஊரில் எப்போதோ கையால் தைத்த பழைய தோல் சேணத்தை மலிவாக வாங்கிப் புதுப்பிக்கலாம். கான்பூரிலிருந்து வரும் புதுத் தோல் சேணத்தை வாங்கலாம். இல்லையென்றால் விண்டெக், தோரோகுட் மாதிரி செயற்கைச் சேணம். தோல் பிரியர்கள் மூன்றாவதை முகம் சுளித்துத்தான் பார்ப்பார்கள், ஆனால் இந்த மூன்றில் எது நல்லது என்பதைத் தோல் முடிவு செய்வதில்லை. உள்ளே இருக்கும் சட்டமும் குதிரையின் முதுகும்தான் முடிவு செய்கின்றன.

பழையதிலிருந்தே ஆரம்பிக்கலாம். சேணத்தின் எலும்புக்கூடு அந்தச் சட்டம், 'ட்ரீ' என்பார்கள். பழைய நல்ல சேணங்களில் பீச் மரத்தை மெல்லிய தகடுகளாக ஒட்டி, இரும்புத் தகடு வைத்துப் பலப்படுத்தியிருப்பார்கள். சிலவற்றில் நீளவாக்கில் இரண்டு எஃகுப் பட்டைகளும் உண்டு, உட்காரும்போது கொஞ்சம் வளைந்து கொடுப்பதற்காக. வாங்குவதற்கு முன்னால் சேணத்தின் முன்பக்கத்தைத் தொடையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு பின்பக்கத்தை நம் பக்கம் இழுத்துப் பாருங்கள். எஃகுப் பட்டை இருந்தால் லேசாக விட்டுக்கொடுக்கும், அது சரி. நடுவில் மடிகிற மாதிரி இருந்தாலோ, கிரீச்சென்று சத்தம் வந்தாலோ, இருக்கையின் தோலில் குறுக்கே சுருக்கம் விழுந்தாலோ, குதிரையின் தோள்மேட்டுக்கு மேல் வரும் முன்வளைவின் இரண்டு கால்களையும் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தோல் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி, உடைந்த சட்டம் குதிரையின் முதுகில் ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருக்கும். சட்டத்தையே மாற்ற முடியாதா என்றால் முடியும், ஆனால் அதற்கு முழுச் சேணத்தையும் பிரித்து மறுபடி கட்ட வேண்டும், பெரும்பாலும் செலவுக்குக் கட்டுப்படியாகாது.

சட்டம் நன்றாக இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் வழி உண்டு. பழைய கைத்தையலின் அருமை இங்கேதான் தெரியும். குத்தூசியால் துளை போட்டு, தேன்மெழுகு தடவிய லினன் நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளை வழியாக இரண்டு பக்கமிருந்தும் இழுத்துத் தைப்பது சேணத் தையல். ஒரு இடத்தில் அறுந்தாலும் பக்கத்துத் தையல்கள் தாக்குப்பிடிக்கும். இயந்திரத் தையல் அப்படி இல்லை, ஒன்று போனால் பக்கத்தில் இருப்பவையும் தளர ஆரம்பிக்கும். ஆனாலும் நூலுக்கும் வயசாகும். அதனால் வயிற்று வாரைக் கட்டும் பட்டைகளையும், அவை தைக்கப்பட்டிருக்கும் நாடாவையும் பார்க்காமல் பழைய சேணத்தில் ஏறவே கூடாது. அந்த நாடா மக்கியிருந்தால் ஓட்டத்தில் சேணமும் ஆளும் சேர்ந்தே கீழே.

தோலைப் பொறுத்தவரை காய்ந்தது திரும்பி வரும், பூஞ்சை பிடித்ததும் துடைத்தால் போகும். விரலால் தேய்த்தால் செம்பொடியாக உதிர்கிறது என்றால் அது வேறு கதை. மரப்பட்டையில் பதனிட்ட பழைய தோலில், காற்றிலிருக்கும் கந்தக மாசு ஏறி அமிலமாகி நாரையே தின்றுவிடுகிறது. அதை அருங்காட்சியகத்தில் வைக்கும் அளவுக்கு இறுக்கலாம், சவாரிக்கு ஆகாது. இன்னொன்று, காய்ந்த தோலைக் கண்டதும் எண்ணெயில் முக்கி எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். அதிக எண்ணெய் தோலைத் தொளதொளவென்று ஆக்கிவிடும், தையலையும் கெடுக்கும். சேண சோப்பு போட்டு அழுக்கை எடுத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, நாள் விட்டு நாள் தடவுங்கள்.

பழையதன் பெரிய பலம் அடியிலுள்ள கம்பளித் திணிப்பு. குதிரை இளைத்தாலும் கொழுத்தாலும் சேணக்காரர் அதைக் குத்திச் சரிசெய்துவிடுவார், கட்டிதட்டிப் போயிருந்தால் முழுசாக எடுத்துப் புதுசு வைப்பார். நுரை வைத்த சேணத்தில் இந்த வசதி கிடையாது, நுரை அமுங்கினால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

அப்புறம் கான்பூர். 1857க்குப் பிறகு பிரிட்டிஷ் ராணுவத்துக்காக அரசே அங்கே குதிரைச் சாமான் தொழிற்சாலை வைத்தது, அந்தக் கைப்பழக்கம்தான் இன்றைக்கும் ஏற்றுமதித் தொழிலாக ஓடுகிறது. கான்பூர் சேணத்துக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் ஊர் ஒன்று, தரம் பல. வெளிநாட்டு நிறுவனம் கேட்ட அளவில், கேட்ட தோலில் செய்து கொடுக்கும் பட்டறையும் அங்கேதான், விலையை மட்டும் பார்த்து அடித்துத் தள்ளும் பட்டறையும் அங்கேதான். கடைசி ரகத்தில் இடது வலது சரிசமமாக இருக்காது. பின்னாலிருந்து பாருங்கள், அடியில் இரண்டு திணிப்புக்கும் நடுவே குதிரையின் முதுகெலும்புக்கு இடம் விடும் கால்வாய் நேராக ஓடுகிறதா, இரண்டு பக்கத் திணிப்பும் ஒரே கனமா என்று. கோணலாக இருந்தால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். நல்ல பட்டறைச் சரக்கு கிடைத்தால், அந்த விலைக்கு வேறெங்கும் புதுத் தோல் கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

செயற்கைச் சேணத்துக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் விண்டெக் இதில் பெரிய பெயர். ஆனால் தோரோகுட் வால்சாலிலிருந்தே வருவது! கால்பந்து அணிக்குக்கூட 'சாட்லர்ஸ்', அதாவது சேணக்காரர்கள், என்று செல்லப்பெயர் வைத்திருக்கும் ஊர், அங்கேயே செயற்கைச் சேணமும் செய்கிறார்கள். எடை குறைவு, மழையில் நனைந்தால் துடைத்து வைத்தால் போதும். முக்கியமான விஷயம், பல மாடல்களில் முன்வளைவுத் தகட்டைக் கழற்றி அகலமானதையோ குறுகலானதையோ மாட்டிக்கொள்ளலாம். இளம் குதிரை வளர்ந்துகொண்டே போகும், பல குதிரைகளுக்கு ஒரே சேணம் மாற்றிப் போடும் சவாரிப் பள்ளியும் உண்டு, இரண்டுக்கும் இதை விட்டால் கஷ்டம்தான். ஆனால் கிழிந்தால் ஒட்டுப்போட்டுப் பல வருஷம் ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். தோலைப் போல அது பழகி நம் கால் வடிவத்துக்கு வருவதும் இல்லை.

நான் எதை எடுப்பேன்? ஒரே குதிரை, வளர்ந்து முடிந்த குதிரை, பக்கத்தில் நல்ல சேணக்காரர் இருக்கிறார் என்றால் யோசிக்காமல் பழையதுதான். சேணக்காரரே இல்லாத ஊர் என்றால் செயற்கை. கான்பூர் சரக்கை நேரில் தொட்டுப் பார்க்க முடிந்தால் மட்டும் வாங்குவேன், படத்தைப் பார்த்து ஒருநாளும் இல்லை. எதை வாங்கினாலும், அங்கவடி வார்களை இடது வலது அவ்வப்போது மாற்றிப் போடுங்கள். ஏறுவது எப்போதும் இடப்பக்கம் என்பதால் அந்த வார் சீக்கிரம் நீண்டுவிடும், நாம் கோணலாக உட்கார்ந்து குதிரையைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.